எட்டாவது சர்வரும் எட்டுத் தறிகளும்

ஐயா, வணக்கம்.

கடிதம் முழுவதும் மகளைப் ‘பாப்பா’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். மின்னணுவியலில் பி.இ. முடித்துச் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நிரல் எழுதும் வேலை என்று நினைத்துப் போனவளை ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ பிரிவில் போட்டுவிட்டார்கள். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. இப்போது அந்த வேலையையும் தானியங்கியாக மாற்றப்போவதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டுமா, 85,000 ரூபாய் கட்டிக் கணினிப் பயிற்சி மையத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு வருவதற்கு முன்பு பதினோரு ஆண்டு இதே சப்போர்ட் வேலையில் இருந்தவன் நான்.

பாப்பா என்ன செய்கிறாள் என்று உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் பில், சரக்கிருப்பு, சம்பளம், கொள்முதல் எல்லாம் எஸ்ஏபி, ஆரக்கிள் போன்ற பெரிய மென்பொருள்களில் ஓடுகின்றன. அவை ஓட நாற்பது, ஐம்பது சர்வர்களாவது, அதாவது இரவும் பகலும் ஓடும் கணினிகளாவது வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு சர்வராக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வட்டு நிரம்பிவிட்டதா, இரவில் ஓட வேண்டிய கணக்குகள் ஓடி முடிந்தனவா, எது பாதியில் நின்றது என்று எக்செல் தாளில் பச்சை, சிவப்பு போட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் ஆறு மென்பொருள்களில் அவருக்குக் கணக்கு திறக்க வேண்டும். அவர் விலகினால் ஆறையும் மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட், அதாவது எண் போட்டுப் பதிந்த கோரிக்கை. மேலாளர் ஒப்புதல் தந்த பிறகே கை வைக்கலாம்.

கையால் செய்யும்போது என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஓர் இரவு மூன்று மணிக்கு, திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று சோதனை சர்வர், மற்றது உண்மையான சர்வர். தூக்கக் கலக்கத்தில் உண்மையானதை நிறுத்தி எழுப்பிவிட்டேன். ஒரு கிடங்கில் லாரிகள் பில் இல்லாமல் நாற்பது நிமிடம் நின்றன. எனவே தானியங்கி வரத்தான் வேண்டும். இரவில் தூங்க வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்து எக்செல்லில் நிறம் அடிக்க வைப்பது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

அதற்கான கருவிகளில் ஒன்று ஆன்சிபிள். 2012இல் வெளிவந்தது, 2015இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. எந்தெந்த சர்வர்கள், அவை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நாற்பதிலும் அதுவே நுழைந்து செய்துவிடும். டிக்கெட், ஒப்புதல் வரிசைக்கு சர்வீஸ்நவ் போன்றவை இருக்கின்றன. பாப்பா இரண்டு மணி நேரம் செய்யும் காலைச் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடியும்.

அப்படியானால் பாப்பா எதற்கு? நீங்கள் பள்ளிபாளையத்தில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர். உங்களுக்கு இது எளிதில் புரியும். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அந்த நிறுத்தும் அமைப்பு பழுதானால், ஆள் கவனிக்கிற வரைக்கும் பழுதுத் துணிதான் சுருளும். தறியை எப்போது நிறுத்த வேண்டும் என்று அதில் அமைத்துவைத்தவர் நூல் அறுவதைக் கண்ணால் பார்த்தவர். சர்வர்களுக்கும் அப்படிப்பட்ட ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. உங்கள் தறிகளைப் போல அங்கும் எட்டு சர்வர்கள். 2012 ஜூலை கடைசியில் புதிய நிரலை ஒருவர் கையால் ஏற்றினார். ஏழில் ஏறியது, எட்டாவது விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதிவைத்த நடைமுறையே அங்கு இல்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன, ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பழுது நீக்குவதாக நினைத்து, மற்ற ஏழில் இருந்த புதிய நிரலையும் எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழைய நிரல் ஓடத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம்.

ஏற்றியதைக் கருவியே எட்டிலும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை. அந்த 97 மின்னஞ்சல்களுக்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒருவர் அன்று காலை இருந்திருந்தாலும் இல்லை. பாப்பா அப்படிப் பொருள் தெரிந்த ஆள் ஆவதற்கான பயிற்சியில்தான் எட்டு மாதமாக இருக்கிறாள், சம்பளத்தோடு. ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தக் கருவிக்கு எழுதிக் கொடுக்கவும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும்.

குழுத் தலைவரிடம் போய், தானியங்கியாக்கும் குழுவில் தன்னையும் சேர்க்கச் சொல்லட்டும். வெறுங்கையோடு போக வேண்டாம். தான் முடித்த டிக்கெட்டுகளை வகை பிரித்து, எது அடிக்கடி திரும்ப வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். பெரும்பாலும் அப்படி ஒரு தாள் குழுத் தலைவரிடமே இருக்காது.

படிக்க வேண்டியது: லினக்ஸ் (சர்வர்களை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டளைகள், அவற்றை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல் கொஞ்சம், பிறகு பைதான் நிரல்மொழி, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், கடைசியில் ஆன்சிபிள். எல்லோரும் ஆன்சிபிளில் தொடங்கி, அடியில் லினக்ஸ் தெரியாமல் திணறுகிறார்கள். இவற்றில் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சர்வீஸ்நவ் நிறுவனமே பழகிப் பார்க்க இலவசக் கணக்கு தருகிறது. அந்தப் பயிற்சி மையத்தின் பாடத்திட்டத் தாளைப் பார்த்தேன். இருபத்திரண்டு கருவிகளின் பெயர்கள், மூன்று மாதம். ஒன்றும் கையில் நிற்காது. பழகுவதெல்லாம் சொந்த மடிக்கணினியில் இருக்கட்டும். அனுமதி இல்லாமல் அலுவலக சர்வரில் ஒரு வரிகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. அலுவலக நிரலை வீட்டுக்கும் கொண்டுவரக் கூடாது.

அவள் இருப்பது எஸ்ஏபி பணியா என்று கேளுங்கள். அதன் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது. நிறுவனங்கள் புதியதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கே பழையதும் தெரிந்து, ஸ்கிரிப்ட்டும் எழுதத் தெரிந்த ஆளுக்கு வேலை உண்டு.

மறைக்காமல் சொல்கிறேன்: டிக்கெட்டை வாங்கி அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முதல் நிலை வேலைகள் குறையும். இன்னும் ஓராண்டு கழித்தும் பாப்பாவை அதே எக்செல் தாளிலேயே வைத்திருந்தால் அப்போது வேறு நிறுவனம் பார்க்கட்டும். வேலையை விட்டுவிட்டுத் தேட வேண்டாம்; வேலையில் இருந்துகொண்டே தேடட்டும். வங்கித் தேர்வு அவளுடைய ஆசையா, உங்களுடையதா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. அவளுடையது என்றால் மறுபடி எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசுவோம்.

85,000 ரூபாயை வங்கியிலேயே விட்டுவையுங்கள். அதிலிருந்து சில ஆயிரம் எடுத்து, அவளுடைய மடிக்கணினியின் நினைவகத்தை 16 ஜிபி ஆக்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று லினக்ஸ் இயந்திரங்களை ஒன்றாக ஓட்டிப் பழக 8 ஜிபி போதாது.