2147483647: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கணினி இல்லாத காலத்தில் 2147483647 ஒரு பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

இதைச் செய்தவர் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர். 1772-ல், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போன பிறகு செய்தார். இந்த எண் 2³¹−1. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46340. அதுவரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் 4,700-க்கும் மேற்பட்ட கணக்குகள் போட வேண்டும். ஆனால் எண்ணின் அமைப்பே அந்த வேலையைக் குறைத்துவிடுகிறது.

p என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 2³¹-ஐ p-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால், அதைவிடச் சிறிய அடுக்கு எதற்கும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (p−1)-ஆவது அடுக்குக்கும் மீதி 1. ஆகவே p−1 என்பது 31-இன் மடங்கு. p ஒற்றைப்படை எண் என்பதால் p−1 இரட்டைப்படை, ஆகவே 62-இன் மடங்கும்கூட. அடுத்து, 2³²-க்கு மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கம் மீதி 2 தருகிறது. இது நடக்க, p-ஐ 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், p-ஐ 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மிஞ்சலாம்.

அப்படிப்பட்ட முதல் பகா எண் 311. பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. அடுத்தது 1303, பிறகு 1489. 46340 வரை இந்த வகையில் வரும் எண்களே 400-க்கும் குறைவு. அவற்றில் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. எண் கோட்பாட்டில் இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்துப் பகா எண் பெற, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா?

போதாது. 2¹¹−1 = 2047 = 23 × 89. 22, 88 இரண்டுமே 11-இன் மடங்குகள் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன அதே விதிதான்.

கணினியிலும் இதே எண் வருகிறதே, பகா எண் என்பதாலா?

இல்லை. கணினி ஓர் எண்ணை வைக்கும் 32 பிட்டில் (0 அல்லது 1 நிற்கும் இடங்களில்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்டிலும் 1 நிரம்பினால் வருவது இந்த எண். 16 பிட்டின் உச்சமான 32767 பகா எண்ணே அல்ல. அது 7 × 31 × 151. நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளாக எண்ணி 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-ல் இந்த எல்லையைத் தொடும்.

இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணும் 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் இந்த வகைதானா?

ஆம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அந்த எண்ணில் அடுக்கு 136279841, இலக்கங்கள் 4,10,24,320.

2-இன் 2147483647-ஆவது அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவதும் பகா எண்ணா?

இதே வகைப் பகா எண்களான 3, 7, 127 ஆகியவற்றை அடுக்காக வைத்து 1 கழித்தால் வருவதும் பகா எண்ணே. அதனால் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட இந்த எண் பகா எண் அல்ல. 295257526626031 இதை மீதியின்றி வகுக்கிறது. இதிலிருந்து 1 கழித்தால் 137490 × 2147483647. பெருக்கிச் சரிபாருங்கள்.