எழும்பூரில் போர்ட்டர் பிடிக்கும் முன்

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு. அம்மா, நான், மகள் மூவரும் சென்னையில் சில நாள் தங்கிவிட்டு, எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி மதுரை போகிறோம். மூன்றடுக்கு ஏசி டிக்கெட். பெரிய பெட்டி நான்கு இருக்கிறது. ஸ்டேஷன் போர்ட்டரை நம்பிக் கொடுக்கலாமா? எவ்வளவு கேட்பார்கள்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கூலி பேசி முடிக்கும் வரை யாரையும் பெட்டியில் கை வைக்க விடாதீர்கள். தகராறெல்லாம் பெரும்பாலும் தூக்கிய பிறகு விலை பேசுவதால் வருவதுதான்.

நம் பக்கத்துப் பயணத்துக்கு இந்தக் கவலை இல்லை. நம் ஊர் இ.டி.எஸ். மின்ரயிலின் தளமும் பிளாட்பாரமும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்பதால் சக்கரப் பெட்டியை உருட்டியே ஏற்றிவிடலாம். எழும்பூரில் கதை வேறு. ரயில் பெட்டியின் வாசல் பிளாட்பாரத்தைவிட உயரம், வாசலும் குறுகல், உள்ளே நடைவழி அதைவிடக் குறுகல். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்றால், மிச்சம் இருக்கும் ஒருவர் நான்கு பெட்டியைத் தூக்க முடியாது.

சிவப்புச் சட்டை போட்டு, கையில் எண் பொறித்த பித்தளை வில்லை கட்டியிருப்பவர்தான் ரயில்வே உரிமம் பெற்ற போர்ட்டர். டாக்சியை விட்டு இறங்கியதுமே சாதாரணச் சட்டையில் ஓடி வந்து பெட்டியை இழுப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். வில்லை எண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூலியை ரயில்வேயே நிர்ணயித்திருக்கிறது. ஊருக்கு ஊர் மாறும். ஸ்டேஷனில் அதற்கான பலகை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தலைச்சுமைக்கு 40 கிலோ என்பது கணக்கு. மைலோ, பிஸ்கட், கோடாலித் தைலம் என்று சொந்தக்காரர்களுக்கு அடைத்த பெட்டி ஒன்று 25 கிலோ என்று வைத்தால், நான்கும் சேர்த்து 100 கிலோ. விதிப்படி மூன்று சுமை ஆகிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், “ரெண்டு ஆள் வேணும்மா” என்று அவர் சொல்லும்போது ஏமாற்றுகிறார் என்று நினைக்க மாட்டீர்கள். தள்ளுவண்டி இருந்தால் இன்னும் சுலபம். அதற்குத் தனிக் கூலி. (ரயிலில் எடையைப் பற்றிப் பயம் வேண்டாம். மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ இலவசம், மூவருக்கும் 120 ஆகிறது.)

நடைமுறையில் பலகையில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். பலகையைக் காட்டிப் பேசுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஆனால் கடைசி ரூபாய் வரை இழுக்காதீர்கள் என்பது என் கருத்து. 100 ரூபாய் நம் பணத்தில் 5 வெள்ளியை (ரிங்கிட்) சுற்றித்தான் வரும். சும்மாட்டுத் துண்டைத் தலையில் வைத்து, அதன் மேல் இரண்டு பெட்டியை அடுக்கி, தோளில் ஒரு பையையும் மாட்டிக்கொண்டு படி ஏறுகிற மனிதரிடம் அதற்கு மல்லுக்கட்ட வேண்டுமா?

பேசும்போது தொகையோடு வேலையையும் முழுசாகச் சொல்லிவிடுங்கள். “அண்ணே, பாண்டியன் எக்ஸ்பிரஸ், பி-2 கோச், சீட்டுக்கு அடியில வச்சுக் கொடுக்கற வரைக்கும், நாலு பெட்டிக்கும் சேர்த்து எவ்வளவு?” கோச் எண்ணை உங்கள் டிக்கெட்டில் இருக்கிறபடி சொல்லுங்கள். “சீட்டு வரைக்கும்” என்பதை விட்டுவிட்டால், பிளாட்பாரத்தில் இறக்கிவைத்துவிட்டு ஏற்றுவதற்குத் தனியாகக் கேட்பவர்களும் உண்டு. “நாலுக்கும் சேர்த்து” என்பதை விட்டால், அவர் சொன்னது ஒரு பெட்டிக்கான விலையாக மாறிவிடலாம். வண்டி பிளாட்பாரத்துக்கு வர நேரமானால் காத்திருக்கும் கூலி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெட்டி உள்ளே போன பிறகே பணம்.

அவர்கள் நடை வேகம். அம்மா வேகத்துக்கு வர மாட்டார்கள். மகளைப் போர்ட்டர் கூடவே அனுப்பிவிட்டு, நீங்கள் அம்மாவோடு மெல்ல வாருங்கள். கடப்பிதழ், பணம், நகை, மருந்து இருக்கும் பையை மட்டும் எந்தப் போர்ட்டரிடமும் கொடுக்காதீர்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்தில் கேட்கலாம். தள்ள ஆள் வேண்டுமென்றால் அதற்கும் போர்ட்டர்தான், அதற்கும் தனிக் கூலி. வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அவசரத்தில் நிற்கிறவரிடம் யார்தான் குறைத்துக் கேட்பார்கள்?

மதுரையில் அவ்வளவு பாடு இல்லை. பாண்டியன் அங்கேதான் முடிகிறது, கூட்டம் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். போர்ட்டர்கள் வாசலுக்கே வருவார்கள். அங்கே “ஆட்டோ ஸ்டாண்ட் வரைக்கும்” என்று பேசுங்கள்.

அப்புறம் சில்லறை. சிலர் ஜி-பே கேட்பார்கள், நம்மிடம் அது இருக்காது. பணம் மாற்றும் இடத்தில் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாளாகவே நீட்டுவார்கள். கொஞ்சம் நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்கி, போர்ட்டருக்கென்று தனியாக ஒரு பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.