217 வாக்கெடுப்பு, செனட்டர் பூஜ்யம்

கேள்வி: அமெரிக்காவிலும் முன்பு நம் மாநிலங்களவை போலச் மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டர்களை, அதாவது மேலவை உறுப்பினர்களை, தேர்ந்தெடுத்தனவாம். அந்த உரிமையைப் பிடுங்கி மக்களிடம் கொடுத்ததால்தான் மாநிலங்களின் குரல் போயிற்று என்கிறார்களே, சரிதானே?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: குரல் எங்கே இருந்தது? 1895இல் டெலாவேர் சட்டமன்றம் ஒரே ஒரு செனட் இடத்துக்காக 114 நாட்களில் 217 முறை வாக்கெடுத்தது; ஒருவரும் தேறவில்லை. 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்தின் இரண்டு இடங்களுமே காலி.

கோளாறு விதியிலேயே இருந்தது. 1866ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டமன்றம் கூடியபின் வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரு அவைகளும் தனித்தனியே வாக்கெடுக்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் உறுப்பினர் தம் வேட்பாளரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டிலும் ஒருவருக்கே பெரும்பான்மை என்றால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் மறுநாள் பகல் 12 மணிக்குக் கூட்டு அமர்வு; ஒருவர் தேறும்வரை தினமும் குறைந்தது ஒரு வாக்கெடுப்பு. குறைந்த வாக்கு வாங்கியவரைக் கழித்துவிடும் ஏற்பாடு கிடையாது. ஆகவே மும்முனைப் போட்டியில் ஒரு சிறு கோஷ்டி அசையாமல் நின்றாலே போதும், எல்லாம் முடங்கிவிடும்.

'நம் மாநிலங்களவை போல' என்பதும் இதனால்தான் பொருந்தாது. தமிழகத்தில் 234 எம்எல்ஏக்கள், 6 இடங்கள் என்றால் முதல் விருப்ப வாக்கு (சீட்டில் பெயருக்கு எதிரே 1 என்று குறித்தது) 34 வாங்கியவர் வென்றுவிடுவார். உபரி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும், குறைந்த வாக்குக்காரர் கழிவார். முடிவு வந்தே தீரும்.

இழுபறி நீண்டால் ஒவ்வொரு வாக்குக்கும் விலை ஏறும். 1899 ஜனவரியில் மொன்டானா சட்டமன்றத்தில் ஃப்ரெட் வைட்சைட் என்ற உறுப்பினர், வாக்குக்கு லஞ்சமாக வந்தவை என்று தலா ஆயிரம் டாலர் மதிப்புள்ள முப்பது நோட்டுகளைக் காட்டினார். அதே மாதத்தில் அதே சட்டமன்றம், அந்த லஞ்சத்தின் பின்னால் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட செம்புச் சுரங்க அதிபர் வில்லியம் கிளார்க்கையே தேர்ந்தெடுத்தது! செனட் குழு விசாரித்து அவருக்கு எதிராக முடிவு சொன்னது; 1900 மே மாதம் பதவி விலகினார். ஆளுநர் வெளியூர் போயிருந்த நேரத்தில் துணை ஆளுநர் அவரையே அந்த இடத்துக்கு நியமித்தார். ஆளுநர் திரும்பி வந்து ரத்து செய்தார். 1901இல் சட்டமன்றம் மறுபடியும் அவரைத்தான் அனுப்பியது.

'பிடுங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தத்துக்கு அன்றைய 48 மாநிலங்களில் 36 சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1913 ஏப்ரல் 8 அன்று 36ஆவதாகக் கனெக்டிகட் கொடுத்தது. உரிமையை விட்டுக்கொடுத்தவை அந்தச் சட்டமன்றங்களேதான்.