காக்காப்பொன்னில் தங்கம் உண்டா?

கேள்வி: கூடூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பிள்ளைகள் பழைய மைக்கா சுரங்க மேட்டிலிருந்து மினுமினுக்கும் கற்களைப் பொறுக்கி வந்தார்கள். அதில் கொஞ்சம் தங்கம் கலந்திருக்கும் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். உண்மையா? ஏன் வெங்காயம் மாதிரி உரிகிறது? கூடவே கிடந்த வெள்ளைக் கல் என்ன?
- வாசகி, சூளூர்ப்பேட்டை

பதில்: இல்லை அம்மா, பெயரில் மட்டும்தான் பொன். நம் ஊரில் காக்காப்பொன், தெலுங்கில் அப்ரகம், எல்லாம் இந்த மைக்காதான். ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் ஊசி முனையைச் செருகிப் பாருங்கள், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு ஏடு தனியாக வந்துவிடும், அதை வளைத்து விட்டால் பழையபடி நிமிரும். தங்கத்தைத் தட்டினால் தகடாகும், ஆனால் ஏடு ஏடாக உரியவே உரியாது. இந்த ஒரு சோதனை போதும், அக்கா வீட்டுக்காரரிடமும் செய்து காட்டுங்கள்.

உரிவதற்குக் காரணம் அதன் கட்டுமானம். ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நாலு ஆக்சிஜன், இதுதான் சிலிக்கேட் கனிமங்கள் எல்லாவற்றுக்கும் செங்கல். மைக்காவில் இந்தச் செங்கற்கள் பாய் விரித்தது போல அடுக்கடுக்காகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. பாய்க்குள்ளே பிடிப்பு பலம், ஆனால் இரண்டு பாய்களுக்கு நடுவே பொட்டாசியம் அணுக்கள் லேசாகத்தான் பிடித்திருக்கின்றன, அந்த இடத்தில்தான் பிரிகிறது. மின்சாரத்தையும் கடத்தாது, சூட்டையும் தாங்கும் என்பதால் பழைய இஸ்திரிப்பெட்டியைப் பிரித்தால் கம்பிச்சுருளுக்கு மேலும் கீழும் இதே ஏடுகள் இருக்கும்.

கூடூர் வட்டார மைக்காவில் லேசான பச்சை ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதன் பெயர் மஸ்கோவைட். கறுப்பாகக் கிடைத்தால் பயோடைட், இரும்பு உள்ளது. இரும்புள்ள அந்தக் கறுப்புதான் மழையிலும் வெயிலிலும் கிடந்து பொன்னிறத்துக்கு மாறி எல்லாரையும் ஏமாற்றுகிறது!

சரி, அந்த வெள்ளைக் கல். உடைந்த பாட்டில் மாதிரி வளைவாக உடைந்திருந்தால் குவார்ட்ஸ், நம் வெங்கச்சங்கல்தான், கண்ணாடியில் உரசினால் கீறல் விழும். படிக்கட்டு மாதிரித் தட்டையாக உடைந்து, வெள்ளையாகவோ வெளிர் ரோஸாகவோ இருந்தால் ஃபெல்ட்ஸ்பார். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் வகைதான், அது காலப்போக்கில் சிதைந்துதான் களிமண்ணாகிறது. மூன்றும் ஒரே இடத்தில் இவ்வளவு பெரிதாகக் கிடைப்பதற்குக் காரணம், பூமிக்குள் பாறைக்குழம்பு கடைசியாக உறையும்போது மிஞ்சிய நீர்ச்சத்து நிறைந்த குழம்பில் படிகங்கள் தாராளமாக வளர்ந்ததுதான். இப்படி உறைந்த பாறையைத்தான் பெக்மடைட் என்பார்கள்.

பிள்ளைகள் உரித்து விளையாடட்டும். இடித்துப் பொடியாக்க மட்டும் விடாதீர்கள், வெங்கச்சங்கல் தூசி மூச்சோடு போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். அப்புறம், கைவிடப்பட்ட சுரங்கக் குழிப் பக்கம் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.