திறக்காத குறுஞ்செய்தி ‘படித்ததாக’க் காட்டினால்

நீங்கள் திறக்காத குறுஞ்செய்தி படித்ததாகக் காட்டினால், போனில் *#21# அடித்துப் பார்த்தால் யார் படிக்கிறார் என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். அடித்துப் பயனில்லை. அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்றுதான் அது சொல்லும். செய்தியை யார் படிக்கிறார் என்று சொல்லாது. இந்த வதந்தி ஏனோ ஓய்வதே இல்லை.

நீங்கள் திறக்கும் முன்பே ஓடிபி படித்ததாகக் காட்டுகிறது என்றால், ஆண்ட்ராய்டில் நான் முதலில் சந்தேகிப்பது கணினி இணைப்பை. உங்கள் போன் திறந்த நிலையில் ஒருவர் கைக்கு அரை நிமிடம் கிடைத்தால் போதும். கூகுள் மெசேஜஸ் என்ற குறுஞ்செய்திச் செயலியின் இணையப் பக்கம் கணினித் திரையில் காட்டும் கியூஆர் கோட்டை உங்கள் போனால் ஸ்கேன் செய்துவிட்டால், உங்கள் குறுஞ்செய்திகள் அந்த பிரவுசரிலும் வரும்.

1. கூகுள் மெசேஜஸைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். சாதன இணைப்புக்கான பகுதிக்குப் போங்கள்.

2. தெரியாத கணினி பட்டியலில் இருந்தால், வேறொரு போனில் படமெடுத்துக்கொண்டு நீக்குங்கள்.

3. உடனே திரைப்பூட்டின் எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நாளையே மறுபடி இணைத்துவிடுவார்கள்.

பட்டியல் காலியா? ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறீர்களா, அறிவிப்பிலேயே ‘படித்ததாகக் குறி’ என்பதைத் தொட்டுவிடுகிறீர்களா என்று பாருங்கள்.

ஒன்று: வீட்டில் உள்ளவர்மேல் சந்தேகம் என்றால், நீக்கியதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவரால் ஆபத்து வரும் என்ற பயம் இருந்தால், நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிட்டு நீக்குங்கள்.