ஃபெராரி எஃப்40 இவ்வளவு எடை குறைவாக இருப்பது எப்படி? பழைய வண்டியில் எதைச் சோதிக்க வேண்டும்?

எஃப்40 முழுக்க கார்பன் ஃபைபர் கார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1987-இல் வந்த இந்த வண்டியின் எலும்புக்கூடு எஃகுக் குழாய்ச் சட்டம்தான். அதில் கார்பன், கெவ்லார் (வலுவான செயற்கை இழை) கலவைப் பலகைகளைப் பசையால் ஒட்டினார்கள். எடை அதிகம் கூடாமலே முறுக்கு விறைப்பு (சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) வெகுவாக உயர்ந்தது. என் கணிப்பில் இந்தக் காரின் உண்மையான சாதனை இதுதான். கம்பளம், ரேடியோ, பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் எதுவும் கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கம்பிவடம் மட்டுமே.

2,936 சிசி வி8 இன்ஜின், இரண்டு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 478 குதிரைத்திறன். டர்போ அழுத்தம் 1.1 பார் என்பதால், எரிபொருள் முன்கூட்டி வெடிக்காமலிருக்க அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 7.7:1 என்று தாழ்த்தி வைத்தார்கள். குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் மந்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்; பழுது என்று பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது முதலில் பெட்ரோல் டேங்குகளைப் பாருங்கள். அவை ரப்பர் பைகள். உள்ளே நுரை நிரம்பியிருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி விரிசல் விடும், நுரை பொடிந்து ஃபில்டரை அடைக்கும். எனவே கிலோமீட்டரை நம்பாதீர்கள். சுமார் 10 ஆண்டுக்குள் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் ஆண்டுக் கணக்கே முக்கியம்.

பெயின்ட் மிக மெல்லியது, அடியிலுள்ள கலவைப் பலகையின் நெசவு வரிகள் லேசாகத் தெரியும். அவை எங்கேனும் மறைந்திருந்தால், அந்தப் பலகை மறுபூச்சு கண்டதா என்று விசாரியுங்கள்.