செக்யூரிட்டி ஏஜென்சி: பசாரா உரிமமும் புதிய தொழிலாளர் சட்டங்களும் (கேள்வி பதில்)

தமிழ்நாட்டில் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு உரிமம், பதிவேடு, சம்பளக் கணக்கு ஆகிய வேலைகளைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதிலிருந்து ஏஜென்சிக்காரர்கள், காவலாளிகள், அபார்ட்மென்ட் சங்கங்கள் என்று பலரும் கேட்டபடியே இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உரிமத்துக்கான அடிப்படைச் சட்டம் மாறவில்லை. நாம் பசாரா என்று சொல்லும் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம்தான் அது.

வேலூரிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ ஹவில்தார்: ஓய்வு பெற்றுவிட்டேன். வேலூர், ராணிப்பேட்டை இரண்டு மாவட்டங்களிலும் ஏஜென்சி நடத்த ஆசை. எவ்வளவு செலவாகும்? ராணுவத்தில் இருந்ததால் சலுகை உண்டா?

வணக்கம் ஐயா. சட்டத்தில் உள்ள கட்டணம் மூன்று வகை. ஒரே மாவட்டம் என்றால் 5,000 ரூபாய். ஒன்றுக்கு மேல் ஐந்து மாவட்டங்கள் வரை 10,000. மாநிலம் முழுவதற்கும் 25,000. உங்களுக்கு 10,000 ரூபாய் ஆகும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

உங்கள் பின்னணியைப் போலீஸ் விசாரித்துத் தடையின்மைச் சான்று தர வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 60 நாட்களுக்குள், உரிமம் வழங்கும் கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். உரிமம் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தொழிலைத் தொடங்கியாக வேண்டும். சிலர் உரிமத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு காண்ட்ராக்ட் வரட்டும் என்று காத்திருப்பார்கள். உரிமத்தை ரத்து செய்ய அதுவே ஒரு காரணமாகிவிடும்.

கட்டணத்தில் சலுகை எதுவும் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் வேலையில் ராணுவத்திலோ போலீசிலோ மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்களோடு பணியாற்றியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரிய பலம் அது. அவர்களுக்குப் பயிற்சி நாட்களும் குறைவு.

கோவை, ஏஜென்சி உரிமையாளர்: என் உரிமம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. இப்போது புதுப்பிக்கக் கொடுத்தால் போதுமா?

முடியும் நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். தேதியை எண்ணிப் பாருங்கள். தாண்டிவிட்டது என்றால் இன்றைக்கே தாமதத்துக்கான விளக்கத்தோடு கொடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாத இடைவெளியில் ஆள் அனுப்பினால் ஓராண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

சென்னை, அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்: ஒரு ஏஜென்சி மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலை சொல்கிறது. எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யலாம்?

உரிம நகலைக் கேளுங்கள் மேடம். செல்லும் தேதியையும் உங்கள் மாவட்டம் அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்து மாவட்ட உரிமத்தைக் காட்டிச் சென்னையில் ஆள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்ததாக, சென்ற மாதம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதை ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு காட்டச் சொல்லுங்கள். வரும் காவலாளி ஒவ்வொருவரிடமும் ஏஜென்சி கொடுத்த புகைப்பட அடையாள அட்டை இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். குறைந்தபட்சச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறைக்கு மாற்று ஆள், ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வந்துவிடும். அதற்குக் கீழே ஒருவர் விலை சொன்னால் அந்தக் குறைவு காவலாளியின் வயிற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் இடத்தில், ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் அந்த ஏஜென்சியை அமர்த்தியவர்தான் கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் வசூலிக்க வேண்டும்.

ஏஜென்சி இல்லாமல் சங்கமே நேரடியாக வாட்ச்மேன் வைத்துக்கொண்டால் பசாரா உரிமம் தேவையில்லை. ஆள் அனுப்புவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான் அந்தச் சட்டம்.

சேலம், 70 பேரை வைத்திருக்கும் உரிமையாளர்: எங்கள் ஆட்கள் எல்லாரும் 12 மணி நேர டூட்டி. கையில் 18,000 ரூபாய் கொடுக்கிறோம். அதில் பேசிக் 7,000, மீதி எல்லாம் அலவன்ஸ். புதிய சட்டத்தில் என்ன மாறுகிறது?

உங்களுக்கு நிறைய மாறுகிறது சார்.

முதலில் பேசிக். அலவன்ஸ் என்று ஒதுக்கி வைக்கும் தொகை மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 18,000-க்குப் பாதி 9,000. நீங்கள் 11,000 ஒதுக்கியிருக்கிறீர்கள். மிகுதியான 2,000 சம்பளத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுவிட்டி) இரண்டையும் 9,000-க்குக் கணக்கிட வேண்டும், 7,000-க்கு அல்ல. இது சட்டத்தின் குறைந்த அளவுகோல் மட்டுமே. குறைந்தபட்சச் சம்பளத்தை உடைத்து அலவன்ஸ் ஆக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது 12 மணி நேரம். ஒரு நாள் வேலை 8 மணி நேரம்தான். மேற்கொண்டு வாங்கும் வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், சம்பளமும் இரட்டிப்பாகத் தர வேண்டும். நான்கு மணி நேர ஓவர்டைமுக்கு எட்டு மணி நேரக் கூலி. ஆக, 12 மணி நேர டூட்டிக்கு 16 மணி நேரச் சம்பளம். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால் மூன்று ஷிஃப்டாக ஆள் போடுவது பல இடங்களில் அதே செலவில் முடிகிறது. இரவு முழுக்க நின்று களைத்த ஆளைக் காலையிலும் நிற்க வைப்பது பாதுகாப்பே இல்லை என்பதை உங்கள் கிளையன்டுகளிடமும் சொல்லுங்கள்.

அப்புறம், சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போக வேண்டும். கிளையன்ட் பில் பாஸ் ஆகவில்லை என்பது காரணமாகாது. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்த ஆளுக்கும் ஓராண்டு முடிந்தால் பணிக்கொடை உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை.

நிறுவனத்தின் மையமான வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று புதிய சட்டம் சொன்னாலும், காவல் வேலை பொதுவாக அந்த மையமான வேலைக்குள் வராது. அதனால் தொழில் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கான வரம்பு இப்போது 50 பேர். உங்களிடம் 70 பேர், ஆகவே அந்த உரிமமும் வேண்டும்.

இதெல்லாம் தொழிலாளர் துறை விவகாரம், பசாராவுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. பசாராவின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., போனஸ், பணிக்கொடை, ஒப்பந்தத் தொழிலாளர் சட்டங்கள் அதில் வரிசையாக உள்ளன. அவற்றை மீறினால் 13-ஆம் பிரிவின்படி ஏஜென்சி உரிமத்தையே ரத்து செய்யலாம். அந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் இப்போது புதிய தொகுப்புகள் வந்திருக்கின்றன. நான் பார்த்தவரை, பதிவேடு, போர்டு எல்லாம் பளபளவென்று வைத்துக்கொண்டு சம்பளத்தில் கோட்டை விடுகிறவர்களே அதிகம்.

திருப்பூர், காவலாளி: முதல் மாதச் சம்பளத்தில் யூனிஃபார்முக்கு என்று பிடித்தார்கள். பயிற்சிக்குப் போகாமலே சான்றிதழில் கையெழுத்து வாங்கினார்கள். இது சரியா அண்ணா?

இரண்டும் தப்பு தம்பி. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. யூனிஃபார்ம் விலை என்று அதில் ஓர் இனம் இல்லை. முதல் மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகப் பிடித்து வைப்பதும் கூடாது. சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.

பயிற்சி விஷயம் அதைவிடப் பெரியது. பசாராவுக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி புதியவருக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள் பயிற்சி தர வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40 மணி நேரமும் 16 மணி நேரமும் போதும், 7 வேலை நாட்கள். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டைகளைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் உண்டு. தீப்பிடித்தால் எந்த சிலிண்டரை எடுப்பது என்று தெரியாத ஆளை மில் கேட்டில் நிறுத்துவது அவருடைய உயிரோடு விளையாடுவது. பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு உண்மையான பயிற்சி கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

மதுரையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 64 வயது. ஏஜென்சியில் சேரலாமா?

சேரலாம் அம்மா. 18 வயது முடிந்து 65-ஐ எட்டாமல் இருக்க வேண்டும். இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. கண் பார்வை, உடல் தகுதியும் பார்ப்பார்கள்.

ஈரோடு: எங்கள் ஆட்களுக்குக் காக்கி உடை தைத்திருக்கிறோம். போலீஸ் மாதிரி இருந்தால் மரியாதை கிடைக்கிறது.

உடனே மாற்றுங்கள். ராணுவம், போலீஸ் உடையையோ அதைப்போலத் தோன்றும் உடையையோ அணிந்தால், அணிந்தவருக்கும் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாவம், நீங்கள் தைத்துக் கொடுத்ததைப் போட்டவரும் சேர்ந்து மாட்டுவார். ஏஜென்சியின் பெயர் தெரியும் கைப்பட்டை, பதவியைக் காட்டும் பேட்ஜ், விசில், தொப்பி, லேஸ் ஷூ, இவைதான் மாதிரி விதிகள் கேட்பவை.

திருச்சி, ஏ.டி.எம். பண வண்டி ஒப்பந்தம் எடுக்க நினைப்பவர்: சாதாரண உரிமம் போதுமா?

பசாரா உரிமம் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அனுமதி ஆகாது. அதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். பண வண்டிகளுக்கு 2018-இல் மத்திய அரசு தனி மாதிரி விதிகள் கொண்டுவந்தது. வண்டி ஒன்றில் ஒரு டிரைவர், ஆயுதம் தாங்கிய இரண்டு காவலாளிகள், ஏ.டி.எம். பணியாளர்கள் இருவர். ஒரு நடைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் கூடாது. நகரத்தில் இரவு 9 மணிக்குப் பிறகும் கிராமத்தில் மாலை 6 மணிக்குப் பிறகும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. ஜி.பி.எஸ்.ஸும் கேமராக்களும் கட்டாயம். முதலீடு பெரியது. நன்றாக யோசித்து இறங்குங்கள்.

கடையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண்: திருடியவரைக் கையும் களவுமாகப் பிடித்தோம். போலீஸ் வரும்வரை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

உங்களுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது, சாதாரணக் குடிமகனுக்கு உள்ள உரிமைதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, உங்கள் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பிடிக்கலாம். தேவையற்ற தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். 6 மணி நேரம் உட்கார வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிடித்த உடனே 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அடிப்பது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, எழுதி வாங்கிக்கொண்டு பணம் கேட்பது எதையும் உங்கள் ஆட்களைச் செய்யவிடாதீர்கள். பிடிபட்டவர் பெண் என்றால் பெண் காவலாளி கூடவே இருக்கட்டும்.